போனில் ஏலம் கேட்டவர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் விஜய்ராஜ் சொல்வார். தப்பு. மூக்கு வரைக்கும் வந்து சேர அதற்குப் பொறுமை கிடையாது. தேனி பஜாரில் பதினேழு வருஷமாக நோட்டுப் புத்தகக் கடை நடத்துகிறேன். ஜூன் மாதத்தில் இருபது அம்மாக்கள் ஒரே நேரத்தில் இருபது பள்ளிக்கூடத்துப் பட்டியலை நீட்டினாலும் ஒரு பிரவுன் அட்டை கூடக் கணக்குத் தப்பாது. அப்படிப்பட்ட இந்த ஷெரின் ஒரே ஒரு புத்தகத்துக்கு விலை போடப் போய்ப் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

புத்தகம் நான் எழுதியது இல்லை. நாகஜோதி எழுதியது. பழனிசெட்டிபட்டியில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்ட் வேலை. சொந்த ஊர் ஓடைப்பட்டி, வீட்டுக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. முப்பத்தேழு வயது. ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை, நான் கேட்டதும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கடைக்கு வந்து ஐம்பது கிராப் ஷீட் கேட்டாள். பிள்ளைக்கு பிராஜெக்டா என்று கேட்டேன். இல்லை, எனக்குத்தான், ஒரு மலை வரைய வேண்டும் என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த பழக்கம் இன்றுவரை விடவில்லை.

அவள் வரைந்த மலை ஒரு விளையாட்டுக்காக. போர்டு கிடையாது, காய் கிடையாது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டியது. ஆளுக்கொரு வேஷம். ஒருவர் கதையை நடத்துவார், "மேலே பனி இறங்குகிறது, பாதை ரெண்டாகப் பிரிகிறது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்வான் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். ரோல்பிளேயிங் கேம் என்று பெயர். வெளிநாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறதாம், வாளும் டிராகனுமாக. ஜோதியுடையதில் டிராகன் இல்லை. நம் பள்ளத்தாக்கிலிருந்து தலையில் சுமையோடு மலை ஏறி அந்தப் பக்கம் கேரளாவுக்குள் இறங்குகிற ஒரு கூட்டம். யானை, அட்டைப்பூச்சி, செக்போஸ்ட், கூட்டத்துக்குள்ளேயே சண்டை. ஜெயிப்பவர் தோற்பவர் என்று யாரும் கிடையாது. சுமை போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தவர்கள் இன்னும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்களா, அவ்வளவுதான் ஆட்டம். பெயர் 'தலைச்சுமை.'

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, கடை மாடியில் உட்காருவோம். முதல் ஆட்டத்திலேயே யானை விரட்டி என் சுமையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன். ரெண்டு நாள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இல்லாத யானைக்குப் பயந்து இல்லாத மூட்டையைப் போட்டதற்கு ஒரு நாற்பது வயதுப் பொம்பளை ஏன் வருத்தப்படுகிறாள் என்று வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அடுத்த ஞாயிறு திரும்பப் போய் எடுத்தேன்.

இந்த விளையாட்டின் விதிகளையெல்லாம் அவள் தமிழில் புத்தகமாக எழுதினாள். நூற்று அறுபத்தெட்டுப் பக்கம், நாலு கலர் மேப், அட்டவணை அட்டவணையாக. நாலு தடவை திருத்தி எழுதினாள். புரூப் பார்த்தது முழுக்க நான். எந்தப் பக்கத்தில் எந்த விதி என்று இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வெளியீடு என்கிற இடத்தில் என் கடைப் பெயர். முந்நூறு காப்பி அடிக்க அவள் சேமித்த பணம் சரியாக இருந்தது. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பேசி, எல்லாப் பக்கமும் அனுப்பியாகிவிட்டது. பின்னட்டையில் விலை மட்டும் காலி. நாலு வாரம் தருகிறேன், நாலாவது வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று நாள் குறித்துவிட்டார் அச்சகத்துக்காரர்.

அங்கேதான் சிக்கல். ஜோதி நூற்றைம்பது ரூபாய் என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. பேப்பர், கலர், பைண்டிங் எல்லாம் சேர்த்து ஒரு காப்பிக்கு ஆகிற செலவே இருநூற்றுப் பத்து. கடைக்காரனுக்கு நூற்றுக்கு நாற்பது கமிஷன் போகும். அறுநூற்றைம்பது வைத்தால்தான் அவள் ஆறு வருஷத்துக்கு ஒரு மரியாதை. இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அம்புட்டு வெல நம்ம வாயால எப்பிடிக்கா சொல்றது?" என்றாள். நஷ்டம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமாம். நூற்றைம்பது என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்களாம்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இங்கே கற்பூரத்துக்கே தெரியவில்லை. மூன்று ஞாயிறு சண்டை போட்டோம். ஒரு ஞாயிறு பகடையைக்கூடத் தூக்கி எறிந்தேன், அது பீரோவுக்கு அடியில் போய்விட்டது. அவள் அசையவில்லை.

நாலாவது ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒருநாள் வீட்டில் விளைந்தது, செய்தது, வளர்த்தது என்று முதற்பலனைக் கோவிலுக்குக் கொண்டுவந்து படைப்போம். பிறகு வளாகத்தில் பந்தல் போட்டு எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். பணம் சபைக்கு. அதனால் யாரும் பொருளைப் பார்த்து விலை கேட்பதில்லை. ஒரு எலுமிச்சம்பழம் எண்ணூறுக்குப் போகும். ஜோதி, உன் முதற்பலனையும் கொண்டு வா என்றேன். கையில் இருந்த ஒரே புரூப் காப்பியை நன்றாக பைண்ட் செய்து, அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அதுவரை அறுப்பின் பண்டிகை பார்த்ததில்லை. ஏலத்தைப் பற்றி நான் விளக்கவும் இல்லை. எல்லாம் என் அவசரக்குடுக்கைத்தனம்.

ஜோதியைப் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, எல்லாருக்கும் சாப்பாடு போடுகிற அசனப் பந்தியைக் கவனிக்க நான் பின்னால் போனேன். ஏலம் விடுவது என் சித்தி மகன் கார்த்திக்ராஜ், சபைச் செயலர். சேவல் போனது, கேக் போனது, ஒரு பூசணிக்காய் மூவாயிரத்துக்குப் போனது. எடுத்தவர் பாத்திரக்கடை ஞானசிகாமணி அண்ணாச்சி. எதிர்த்துக் கேட்டது அவருடைய சொந்த மருமகன். அண்ணாச்சிக்குப் பூசணிக்காய் ஆகாது, வாயு. ஆனால் மைக்கில் கடைசியாக வருகிற பெயர் அவருடையதாக இருக்க வேண்டும்.

அடுத்து ஜோதியின் புத்தகம். கார்த்திக்ராஜ் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒரு... வெளையாட்டுப் புத்தகம்" என்றான். நூறில் தொடங்கினான். யாரோ பாவம் பார்த்து நூற்றைம்பது என்றார். அதோடு நின்றுவிட்டது. ஒருதரம் என்றான். பின்னாலிருந்து ஒருவன், "வெயிட்டுக்குப் போட்டா எம்புட்டு வரும்?" என்று கேட்டான். பந்தலே சிரித்தது. எனக்கு ஜோதியின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

நான் கரண்டியை வைத்துவிட்டு ஜெனரேட்டருக்குப் பின்னால் போனேன். இப்போதெல்லாம் துபாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சபைக்காரர்கள் போனில் ஏலம் கேட்பது உண்டு. செயலர் கையில் போனைப் பிடித்துக்கொண்டேதான் நிற்பான். அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: "500. பேர் சொன்னே கொன்னுருவேன்." கார்த்திக்ராஜுக்குச் சின்ன வயதிலிருந்தே என்னிடம் பயம். போனைப் பார்த்தான், "போன்ல ஒருத்தர் ஐந்நூறு கேக்குறாக" என்றான்.

சிரிப்பு நின்றது. ஒருவன் கேட்டுவிட்டான் என்றால் ஞானசிகாமணி அண்ணாச்சிக்குப் பொறுக்காது. அறுநூறு என்றார். நான் எழுநூறு அனுப்பினேன். எண்ணூறு. தொள்ளாயிரம். அண்ணாச்சி ஆயிரத்து ஐந்நூறு என்று ஒரே தாவலாகத் தாவினார். நானும் தாவினேன். இரண்டாயிரத்து ஐந்நூறில் நின்று சுற்றிலும் பார்த்தார். என் விரல் அதற்குள் இரண்டாயிரத்து அறுநூறை அடித்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். மூன்றுதரம்.

நான் திரும்பப் பந்திக்கு வந்தபோது ஜோதி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கண் நிறையத் தண்ணீர். "அக்கா, யாரோ போன்ல..." என்றாள். பைபிளில் வருகிற லோத்தின் மனைவி மாதிரி உப்புத்தூணாக நின்றேன். "ஆமா" என்று மட்டும் சொன்னேன். பொய் என்று பார்த்தால் அந்த ஒரு சொல்தான். முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைக்க அது போதுமாக இருந்தது.

அவள் கார்த்திக்ராஜிடம் போய், கேட்டவர் பெயர் என்ன என்று விசாரித்தாள். சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றான் அவன். அது மட்டும் உண்மை. அப்படியானால் ஒரு நிமிஷம் என்று புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தில் என்னவோ எழுதிக் கொடுத்தாள். சாயங்காலம் புத்தகம் என் கைக்கு வந்தது. வீட்டில் திறந்து பார்த்தேன்.

"போனில் கேட்டவருக்கு வணக்கம். உங்களை எனக்குத் தெரியாது. இதை யாருக்காக எழுதுகிறேன் என்று ஆறு வருஷமாக எனக்கே தெரியாமல் இருந்தது. இன்றைக்கு ஒரு ஆள் இருப்பது தெரிந்துவிட்டது. எட்டாம் அத்தியாயத்தில் பனிமூட்ட விதி கொஞ்சம் சிக்கல். புரியாவிட்டால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் சொல்லித் தருகிறேன். சேர்ந்து விளையாட ஆள் இல்லாவிட்டாலும் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம். நாகஜோதி."

அதைப் படித்தபோது எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சந்தோஷம். அது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வரை நீடித்தது.

பத்து மணிக்கு ஜோதி கடைக்கு வந்தாள். கவுண்டரில் ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு நடுவில் கையை ஊன்றிக்கொண்டு, விலையை முடிவு செய்துவிட்டேன், அச்சகத்துக்கும் சொல்லிவிட்டேன் என்றாள். ஆயிரத்து முந்நூறு.

"சாமிக்குக் கேட்டது ரெண்டாயிரத்து அறநூறு. மனுசருக்குப் பாதி வச்சிருக்கேன்க்கா."

அறுநூற்றைம்பதுக்கு மூன்று வாரம் தொண்டை கிழியக் கத்தியவள் நான். ஒரு பையனுக்குக் கொடுக்க வேண்டிய ஜாமெட்ரி பாக்ஸைத் திரும்ப அலமாரியிலேயே வைத்தேன். பூசணிக்காய் கூடத்தான் மூவாயிரத்துக்குப் போனது, அதெல்லாம் ஒரு விலையா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"அது ஞானசிகாமணி அண்ணாச்சி கவுரவம்க்கா, எனக்குத் தெரியாதா? போன்ல கேட்டவுகளுக்கு என்ன கவுரவம்? பேரே வேண்டாம்னுட்டாகள்ல. பூசணிக்காய்க்கு யாரும் போன் பண்ணலயே."

புத்திசாலிக்குப் பொய் சொன்னால் இதுதான் வினை. பொய்யை எடுத்துக்கொண்டு போய், நாம் நினைத்துப் பார்க்காத இடத்தில் அஸ்திவாரமாகப் போட்டுவிடுவாள். அடுத்ததாக இன்னொன்றும் சொன்னாள். முந்நூறு காப்பி இல்லையாம், ஆயிரம் காப்பியாம். கூடுதல் பணத்துக்கு அப்பா சரி சொல்லிவிட்டாராம். தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்குப் புதுக் கல்லுக்காலும் கம்பியும் போட வைத்திருந்த பணம். ஏலத்தைப் பற்றிக் கேட்டதும், கல்லுக்கால் ஒரு வருஷம் பொறுக்கும், நீ புத்தகத்தைப் போடு என்று சொல்லிவிட்டாராம். நாளைக்கு மத்தியானம் அச்சகத்துக்குப் பணம் அனுப்ப வேண்டுமாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, மெடிக்கலுக்கு நேரமாகிவிட்டது என்று பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு ஆயிரம் காப்பி. என் பதினேழு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், முப்பது விற்றால் அதிகம். மிச்சம் என் மாடியில் அடுக்கி இருக்கும், அவள் அப்பாவின் பந்தல் தரையில் கிடக்கும். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, நேரில் போய்ச் சொல்லு என்றார். போனில் சொல்லாதே, போனில் செய்ததுதான் இவ்வளவும் என்றார். இருபது வருஷத்தில் அவர் சொல்லி நான் வாயை மூடிக்கொண்டு கேட்டது அந்த ஒன்றுதான்.

புதன்கிழமை அவளுக்கு விடுமுறை, ஓடைப்பட்டியில் இருப்பாள். கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, சின்னமனூர் வழியாக ஸ்கூட்டியில் போனேன். வழியெல்லாம் என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்தேன். தோட்டத்து வரப்பில் வண்டியை நிறுத்தும்போது ஒன்றும் மிச்சமில்லை.

அவள் அப்பா அம்மாவாசி பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். காய் பிடித்துக் கம்பி தொய்ந்து, ஒரு கல்லுக்கால் சாய்ந்திருந்தது. விழாமல் இருக்க ஒரு கவைக்கம்பை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதே மாதிரி இன்னும் ஏழெட்டுக் கவைகள் தெரிந்தன. மொத்தப் பந்தலும் விழ ஒரு நல்ல மழை போதும் என்று எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாதா? என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஜோதி மோட்டாரைப் போடப் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்றார். வேலைக்காரர்களுக்கு வைத்திருந்த டீயில் எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். பிறகு கேட்டார்.

"உங்க கோயில்ல எம் புள்ள பொஸ்தகத்துக்கு ஏத்தி ஏத்திக் கேட்டாகளாம்ல?"

நான் டீயைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து எங்க பழத்த எவனும் ஏத்திக் கேட்டதில்ல தாயி. ஏவாரி இங்கன வந்து நிப்பான், ஒரு வெல சொல்லுவான். நாங்க சரிம்போம். பெறகு லோடு ஏத்துறப்ப இன்னும் ரெண்டு ரூவா கொறைப்பான். அதுக்கும் சரிம்போம். பழம் பொறுக்காதுல்ல."

அவர் குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார், மகளை நினைத்து. அந்த நூற்றைம்பது எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று ஞாயிறு அவளிடம் கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றும் தோன்றியது. அதற்குள் ஜோதி வந்துவிட்டாள், கையில் போன். பணம் அனுப்பப் போகிறேன், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று சிரித்தாள்.

அவளைப் பந்தலுக்குள் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போனேன். உயரம் குறைவு, ரெண்டு பேரும் குனிந்துதான் நடக்க வேண்டும். குனிந்தபடியே சொன்னேன். ஜெனரேட்டர், வாட்ஸ்அப், கார்த்திக்ராஜ், எல்லாம். புத்தகம் என் பீரோவில் இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அப்ப போன்ல கேட்ட ஆளு... இல்லையாக்கா?"

அவள் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, விலையைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கேயோ ஒரு ஊரில் அவள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டாம் அத்தியாயத்தில் முழித்துக்கொண்டிருக்கும் ஒரு ஆளை, மூன்று நாளாக அவள் மனசுக்குள் குடிவைத்திருக்கிறாள். அந்த ஆளை நான் கொன்றுவிட்டேன். இல்லை என்று சொன்னேன்.

அவள் திரும்பி நடந்தாள். கல்லுக்கால்களுக்கு நடுவில் அவள் முதுகு போய்க்கொண்டே இருந்தது, தலை குனிந்தபடி. நான் பின்னால் போனேன், கொடி கொண்டையில் மாட்டியது, இழுத்து விட்டுக்கொண்டு போனேன். வாய்க்கால் ஓரத்தில் நின்றாள்.

"எம்மேல அம்புட்டு எரக்கமாக்கா?" என்று கேட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அடக்க முடியவில்லை.

"எரக்கப்பட்டா உனக்கு ஒரு டீய வாங்கிக் குடுத்துட்டுப் போயிருப்பேன். எரக்கமாம். வெயிட்டுக்குப் போடுன்னு ஒருத்தன் சொல்றான், எல்லாரும் சிரிக்கிறானுக. நாப்பது தடவ படிச்சவ நான். அந்த யானைக்குப் பயந்து ஓடுனவ நான். அவனுகளுக்கு என்னடி தெரியும் அதுல என்ன இருக்குன்னு? எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. ஒன்னயக் காப்பாத்தவெல்லாம் இல்ல. எனக்கு வேணும்னுதான் கேட்டேன்."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. ஜோதி இப்போது திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"அண்ணாச்சி நிறுத்தலன்னா எம்புட்டு வரைக்கும் போயிருப்பீக?"

"அவரு நிறுத்துற வரைக்கும்."

"நிறுத்தவே இல்லன்னா?"

நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு பென்சிலுக்கு எத்தனை பைசா லாபம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற எனக்கு, அன்றைக்கு அந்த ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒரு எல்லையும் இருந்ததாக ஞாபகம் வரவில்லை.

"தெரியல ஜோதி. அன்னைக்கு எனக்குக் கணக்கே வரல."

வாய்க்காலில் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது, காய்ந்த இலைகளைத் தள்ளிக்கொண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்துக்கொண்டாள். நானும் கழற்றினேன். முதல் பக்கத்தில் எழுதியதைப் படித்தீர்களா என்று கேட்டாள். படித்தேன், பிளேடால் அந்தத் தாளை மட்டும் எடுத்துத் தந்துவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாம். எழுதுனது எழுதுனதுதான். அப்பிடியே இருக்கட்டும்" என்றாள். பிறகு, "பனிமூட்டம் உங்களுக்குமே புரியலதான?" என்றாள். புரியவில்லை என்று ஒத்துக்கொண்டேன். ஆறு வருஷமாகப் புரிந்த மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். அவள் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பந்தலுக்குத் திரும்பி வந்தோம். அவள் அப்பாவிடம் போய், ஏலத்தில் போனில் கேட்டது இந்த அக்காதான் என்று அப்படியே சொன்னாள். எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. அம்மாவாசி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. கல்லுக்கால் காசு கல்லுக்காலுக்கே இருக்கட்டும் அப்பா, நாளைக்கே ஆளைக் கூப்பிடுங்கள் என்றாள் ஜோதி. அவர் சரி என்றார். அந்தச் சரியில் ஒரு வருத்தம் இருந்தது. சாய்ந்த காலுக்கு முட்டுக் கொடுக்கத் திரும்பவும் போய்விட்டார்.

ஜோதி அங்கேயே நின்று அச்சகத்துக்குப் போன் போட்டாள். மோட்டார் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் வைத்தாள். ஆயிரம் வேண்டாம், பழையபடி முந்நூறு காப்பி போதும் என்றாள். சரிம்மா, அச்சுக்கு பிளேட் இன்னும் போடவில்லை, விலை அதே ஆயிரத்து முந்நூறுதானா என்று கேட்டார் அச்சகத்துக்காரர்.

ஜோதி என்னைப் பார்த்தாள். என் நாக்கு நுனியில் அறுநூற்றைம்பது துடித்துக்கொண்டிருந்தது. கர்த்தர் அன்றைக்கு என் வாய்க்குக் காவல் வைத்தார். வேண்டுமானால் நூற்றைம்பதே சொல்லட்டும் என்று நின்றேன்.

"அறநூத்தம்பது" என்றாள் ஜோதி.

அச்சகத்துக்காரர் கெட்ட மனுஷர் இல்லை, நல்லதுக்குத்தான் சொன்னார். தமிழில், அதுவும் விளையாட்டுப் புத்தகத்துக்கு, அறுநூற்றைம்பது கொடுத்து யாரம்மா வாங்குவார்கள், நானூறு போட்டால் ஓடும், பலபேருக்கு அடித்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன், நானூறு போட்டுவிடட்டுமா என்றார்.

ஜோதி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். குனிந்து நின்றிருந்தவள், கொடிக்கு நடுவே வெயில் விழுகிற ஒரு சந்தில் நகர்ந்து நிமிர்ந்தாள்.

"கொறைக்கிறதா இல்லண்ணே. அறநூத்தம்பதுன்னே போடுங்க."

சரி என்று அவர் வைத்துவிட்டார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுததை மறைக்க ஒன்றுமில்லை, எனக்குக் கோபம் போல அழுகையும் அவசரமாகத்தான் வரும். முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அம்மாவாசி கவைக்கம்பை விட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். மகளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இப்ப என்ன சொன்ன ஆத்தா? இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

"கொறைக்கிறதா இல்லப்பா" என்று அவள் இன்னொரு தடவை சொன்னாள்.